நூறு குடத்தில் ஐந்து குடம் கடல்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே, தென்கடலிலிருந்து அரைக் கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. மாமனார் காலத்து இருபதடிக் கிணறு ஒன்று உண்டு. போன வருடம் 90 அடிக்கு போர் போட்டோம். ஆறு மாதம் நல்ல தண்ணீர் வந்தது. இப்போது வாயில் வைத்தால் கரிக்கிறது, பருப்பும் வேகவில்லை. குடிக்கக் கிணற்றுத் தண்ணீர்தான். போன மாதம் ஒரு விற்பனையாளர் வந்து, டம்ளரில் போர் தண்ணீரை ஊற்றி இரண்டு கம்பிகளை விட்டுக் காட்டினார். தண்ணீர் டிகாஷன் மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே இருந்தது. “அக்கா, இதையா பிள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க?” என்றார். தண்ணீரை அயனியாக்கும் இயந்திரம் ஒன்றும், வீட்டுக் காற்றுக்கு இன்னொன்றும் வாங்கச் சொல்கிறார். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, அவர் மீட்டரில் 2,760. எதிர்வீட்டுத் தம்பியின் மீட்டரில் 1,980. பயந்துபோய் இரண்டு தண்ணீரையும் ஆய்வகத்தில் கொடுத்தேன். அங்கே போர் தண்ணீருக்கு 2,210 என்கிறார்கள். எதை நம்புவது? மாடியில் ஓர் அறை கட்டப்போகிறோம். போர் தண்ணீரில் காங்கிரீட் போடலாமா? கீழ்வீட்டில் சுவர்ப் பூச்சு மூன்றடி உயரத்துக்குப் பொரிந்து உதிர்கிறதே, அதுவும் இதனால்தானா? மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். நீங்கள் பயப்படுவது போர் தண்ணீரைப் பார்த்து. எனக்கு உறுத்துவது கிணற்றுத் தண்ணீர்.

கிணற்று அறிக்கையில் டிடிஎஸ் 640, குளோரைடு 150, கடினத்தன்மை 260. நம் கடற்கரையில் இப்படி ஒரு கிணறு கிடைப்பது பாக்கியம். ஆனால் கீழே, யாரும் கண்ணை ஓட்டாத ஒரு வரியில், நைட்ரேட் 62 என்று இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் நைட்ரேட்டுக்கு உச்சம் லிட்டருக்கு 45 மில்லிகிராம். மற்ற பல அயனிகளுக்கு (உப்பு தண்ணீரில் கரையும்போது பிரியும் மின்னூட்டமுள்ள துணுக்குகளுக்கு) ‘வேறு நீர் கிடைக்காவிட்டால் இது வரை பரவாயில்லை’ என்று இரண்டாவது எண் ஒன்று தருவார்கள். நைட்ரேட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. இதற்கு ருசி இல்லை, நிறம் இல்லை, வாசமும் இல்லை. டிடிஎஸ் மீட்டரும் இதைத் தனியாகக் காட்டாது. 640-க்குள் அது ஒளிந்துகொள்ளும்.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் வயிற்றில் நைட்ரேட், நைட்ரைட்டாக மாறி ரத்தத்துக்குள் போகும். அங்கே ஹீமோகுளோபினைப் பிராணவாயு சுமக்க முடியாதபடி ஆக்கிவிடும். உதடும் நகமும் நீலம் பாய்வது அதன் அடையாளம். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இந்தக் கவலை அநேகமாக இல்லை. ஆபத்து, பால்மாவை இந்தத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும்போதும், “வெயிலா இருக்கு, ரெண்டு சங்கு வெந்நீர் குடு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போதும்தான். காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். ஆகவே பேறுகாலம் முடியும்வரை மகளுக்கும், பிறகு குழந்தைக்காக எதைக் கலக்க நேர்ந்தாலும், காவிரி கூட்டுக் குடிநீர்க் குழாயில் வரும் தண்ணீரைத் தனியாகப் பிடித்துக் காய்ச்சி வையுங்கள். பிரசவம் பார்க்கும் டாக்டரிடமும் இந்த 62-ஐக் காட்டிவிடுங்கள்.

நைட்ரேட் எங்கிருந்து வந்தது? கிணற்றுக்குப் பக்கத்தில் கழிப்பறைக் குழி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தது ஐம்பதடி தள்ளி இருக்க வேண்டும். உங்கள் மண் கடற்கரை மணல். எதிர்மின் அயனியான நைட்ரேட்டை மணல் பிடித்து வைக்காது, தண்ணீரோடு அப்படியே விட்டுவிடும். அது வந்த வழியில் கிருமியும் வந்திருக்கலாம் என்பதால் கோலிஃபார்ம் சோதனையும் கேளுங்கள்.

சரி, இப்போது டிகாஷன் கதைக்கு வருவோம்.

அந்த மனிதர் மறுபடி வந்தால் ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டு ஆர்.ஓ. தண்ணீரைப் புது டம்ளரில் ஊற்றி, அடுக்களையிலிருந்து ஒரு சிட்டிகை கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, “தம்பி, இப்ப விடுங்க” என்று சொல்லுங்கள். அதுவும் டிகாஷன் ஆகும். அந்தக் கம்பிகளில் ஒன்று இரும்பு. தண்ணீரில் அயனிகள் இருந்தால் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரைந்து துருவாகத் திரளும். நீங்கள் பார்த்த பழுப்பு அவருடைய கம்பி, உங்கள் தண்ணீரின் அழுக்கு அல்ல. ஆர்.ஓ. தண்ணீரில் அயனி குறைவு, மின்சாரம் ஓடவில்லை, அதனால் கம்பி கரையவில்லை. வித்தை இவ்வளவுதான். நீங்களாக வயரைச் செருகிச் செய்து பார்க்க வேண்டாம், அது வீட்டு மின்சாரம்.

இனி மூன்று எண்கள். டிடிஎஸ் மீட்டர் உப்பை எடை போடுவதில்லை. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதை ஓர் எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. அந்தப் பெருக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி 0.5-லிருந்து 0.7 வரை மாறும். உங்கள் போர் தண்ணீரின் கடத்துதிறன் அறிக்கையில் 3,950 மைக்ரோசீமென்ஸ். 0.7-ஆல் பெருக்கினால் விற்பனையாளரின் எண், 0.5-ஆல் பெருக்கினால் எதிர்வீட்டுத் தம்பியின் எண் வருகிறதா, பாருங்கள். இரண்டு மீட்டரும் ஒரே அளவைத்தான் பார்த்திருக்கின்றன. அதற்குள் ஒருவர் ‘2,000-க்குக் கீழே, பாஸ்’ என்பார், இன்னொருவர் ‘ஃபெயில்’ என்பார். ஆய்வகம் ஒவ்வொரு அயனியையும் தனித்தனியே பார்த்துக் கூட்டிச் சொன்னது 2,210. அதை நம்புங்கள். மீட்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே மீட்டரை வைத்து மாதாமாதம் பார்த்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும், அதற்கு அது நல்ல கருவி. என்ன நோய் என்று கேட்டால் மட்டும் அதற்குப் பதில் தெரியாது. ஆளை எடை பார்க்கும் மெஷினில் ஏற்றி சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்பதுபோல.

நோய் தெரிய வேண்டுமென்றால் அயனிகளை வரிசையாகப் படிக்க வேண்டும். உங்கள் போர் தண்ணீரில் குளோரைடு 1,120, சோடியம் 520, கால்சியம் 160, மக்னீசியம் 110, சல்ஃபேட் 180. குளோரைடை எப்படிப் பார்க்கிறோம் என்று சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். 50 மில்லி தண்ணீரில் பொட்டாசியம் குரோமேட் சில சொட்டு விடுவோம், எலுமிச்சை மஞ்சளாகும். மேலேயிருந்து சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். ஒவ்வொரு சொட்டும் குளோரைடைப் பிடித்து, மோர் சிந்தியதுபோல வெள்ளையாகத் திரியும். குளோரைடு தீர்ந்த அடுத்த சொட்டில் மஞ்சள் மாறி லேசான செங்கல் நிறம் தங்கிவிடும். கையை அங்கே நிறுத்த வேண்டும். நாங்கள் வழக்கமாக எடுக்கும் கரைசலில் உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு 15 மில்லி போதும். போர் தண்ணீருக்கு 112 மில்லி வேண்டும். கடல்நீருக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் பிடிக்கும். அவ்வளவு வெள்ளி உப்பை யார் கொட்டுவது? நீர்த்துத்தான் பார்ப்போம்.

கடலில் குளோரைடு லிட்டருக்கு ஏறக்குறைய 19,400 மில்லிகிராம். கிணற்றில் 150. போர் தண்ணீரின் 1,120 எப்படிக் கலந்தால் வரும் என்று கணக்குப் போட்டால், நூறு குடத்தில் ஐந்து குடம் கடல். தொண்ணூற்றைந்து குடம் நல்ல தண்ணீரைக் கரிக்க வைக்க அந்த ஐந்து குடம் போதும்.

இது கடல்தானா, மண்ணிலேயே இருந்த உப்பா என்று சந்தேகம் வரலாம். அதற்கும் அறிக்கையிலேயே சாட்சி இருக்கிறது. கடலில் நூறு குளோரைடு அயனிக்கு 86 சோடியம் அயனி இருக்கும். உங்கள் போர் தண்ணீரில் 72 கூட இல்லை. மிச்ச சோடியம் எங்கே போயிற்று? கடல்நீர் புதிதாக நுழையும்போது வழியிலுள்ள களிமண் சோடியத்தைப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் ஒட்டியிருந்த கால்சியத்தை விட்டுவிடும். அதனால்தான் ஐந்து குடம் கடலுக்குச் சேர வேண்டியதைவிடக் கால்சியம் கூடுதலாக நிற்கிறது. மக்னீசியத்தில் பெரும்பகுதி கடலோடு வந்தது. இரண்டும் சேர்ந்து கடினத்தன்மை 850 ஆகிவிட்டது, உச்சவரம்பே 600. உங்கள் பருப்பு வேகாமல் போனது இங்கேதான். கடலோர வீடுகளில் நாக்குக்கு முன்னால் அடுக்களைப் பானைக்குத் தெரிந்துவிடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ‘தண்ணி மாறிப்போச்சு’ என்று முதலில் சொல்வது சமைப்பவர்கள்தான்.

கடல் ஏன் வந்தது என்றால், நீங்கள் 90 அடியில் குழாயை வைத்துக் கூப்பிட்டீர்கள், வந்தது. தனுஷ்கோடிப் பக்கம் அலையடிக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் மணலைக் கையால் தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தை நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர் கரிக்காது. மழைநீர் கடல்நீரைவிட லேசானது. மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு என்னவென்றால், நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் ஆழம் வரை நல்ல நீர் இருக்கும். கேட்க ஆனந்தமாக இருக்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். மோட்டார் இழுத்து மேல்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், கீழேயிருந்து உப்பு 20 மீட்டர் மேலேறும். 90 அடி என்பது 27 மீட்டர். ஆறு மாதம் நல்ல தண்ணீர் வந்தது உப்பு மேலேறி வர எடுத்துக்கொண்ட அவகாசம். நடுவில் களிமண் அடுக்கு இருந்தால் கணக்குக் கொஞ்சம் மாறும், திசை மாறாது.

அதனால் இன்னும் ஆழமாகப் போடலாமா என்று யாராவது யோசனை சொன்னால் காது கொடுக்காதீர்கள். போரை நிறுத்துங்கள். வீட்டுப் புழக்கத்துக்கு மாமனார் தோண்டிய கிணற்றில் சின்ன மோட்டாரை வைத்துக் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று பிரித்து இறையுங்கள். நம் ஊர்ப் பழைய ஆட்கள் இருபதடியோடு நிறுத்தியதும், குடிக்க ஊருணியில் மழைநீரைத் தேக்கியதும் ஆழம் போகத் தெரியாமல் இல்லை.

இயந்திரங்களுக்கு வருகிறேன். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்துக் காரநீராக்கும் கருவியைத்தான் அவர் உங்களிடம் விற்கப் பார்க்கிறார். அது உப்பை எடுக்காது. ஒரு பக்கம் காரத்தையும் மறுபக்கம் அமிலத்தையும் ஒதுக்கும், அவ்வளவே. காரநீர் அவ்வளவு நல்லதென்றால் கடல்நீரின் பி.எச். 8.1, அரைக் கிலோமீட்டர் நடந்தால் இலவசம். சாஃப்ட்னர் என்று இன்னொருவர் வருவார். அது நேர்மையான கருவி, ஆனால் உங்களுக்கு ஆகாது. அதிலுள்ள பிசின் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைத் தரும். நூறு மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம். உங்கள் 850-ஐ முழுதும் மாற்றினால் சோடியம் 520-லிருந்து 900-ஐத் தாண்டிவிடும். சோப்பு நுரைக்கும், வீட்டில் ரத்தக்கொதிப்புக்காரர் இருந்தால் அவருக்குத்தான் கேடு.

உப்பை உண்மையிலேயே எடுப்பது ஆர்.ஓ. நம் மாவட்டத்தில் நரிப்பையூரில் கடல்நீரையே அப்படித்தான் குடிநீராக்கினார்கள். வீட்டு ஆர்.ஓ. போர் தண்ணீரையும் இனிக்க வைக்கும். ஆனால் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் வரை கழிவாக வெளியே தள்ளும், அந்தக் கழிவின் டிடிஎஸ் மூவாயிரத்தை நெருங்கும். அதைக் கொல்லையில் விட்டால் மணல் வழியாக உங்கள் கிணற்றுக்கே திரும்பி வரும். குழாய்த் தண்ணீர் வரும் வீட்டுக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. கிணற்று நீரில் ஆர்.ஓ. வைப்பதானால் நைட்ரேட் ஓரளவு குறையும். குளோரைடை விரட்டும் அளவுக்கு நைட்ரேட்டை அது விரட்டாது, வைத்த பிறகு ஒருமுறை சோதித்துத்தான் குழந்தைக்கு நம்ப வேண்டும்.

அந்தப் பணத்தை நான் தொட்டியில் போடுவேன். நம் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை, பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில். ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். 650 சதுர அடி மாடியில் சேதாரம் போக 35,000 லிட்டராவது தேறும். ஐந்து பேர் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீதம் இருநூறு நாள் குடிக்க 5,000 லிட்டர் போதும். அதைத் தொட்டியில் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கிணற்றோரம் மண்ணில் இறக்குங்கள். மேலேயிருந்து நல்ல நீர் அழுத்தினால்தான் உப்பு கீழே போகும். முதல் மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். உங்கள் மாடியில் தூசி மட்டுமல்ல, கடலும் படிந்திருக்கிறது.

காற்று அப்படி. நீங்கள் இருப்பது இரண்டு கடலுக்கு நடுவே ஒடுங்கிய நிலம். கச்சான் அடித்தால் தென்கடலின் உப்பு, வாடை அடித்தால் வடகடலின் உப்பு. இதை அளக்கும் முறை வேடிக்கையாக இருக்கும்: ஈரமாக வைத்த திரியைச் சுற்றித் துணி கட்டி, மழை நனைக்காத கூரைக்குக் கீழே காற்றில் தொங்கவிடுவார்கள். கொஞ்ச நாள் கழித்துத் துணியை அலசி, ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் குளோரைடு ஒட்டியது என்று பார்ப்பார்கள். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோகத் தகடுகள் எப்படித் துருப்பிடிக்கின்றன என்று பார்க்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. விற்பனையாளரின் ‘காற்று அயனி’ கருவிக்கும் இந்த உப்புக்கும் சம்பந்தமே இல்லை. அது காற்றுத் துகளுக்கு மின்னூட்டம் கொடுக்கும், சில வகைகள் ஓசோனையும் சேர்த்துக் கக்கும். வேண்டாம்.

இந்தக் குளோரைடுதான் உங்கள் மாடி அறைக்கும் எதிரி. நல்ல காங்கிரீட் கடுங்காரம், அதற்குள் இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் உருவாகி நிற்கும். குளோரைடு அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். துருவை உண்டாக்கும் வேலையில் அது செலவாவதும் இல்லை. ஒரு இடத்தில் முடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகும். துரு இரும்பைவிடப் பருமன், உள்ளிருந்து காங்கிரீட்டைப் பிளக்கும். கம்பி கட்டிய காங்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு 500-ஐத் தாண்டக்கூடாது என்பது விதி. உங்கள் போர் தண்ணீரில் 1,120. கலக்கவும் கூடாது, பிறகு ஊற்றி ஆற்றவும் கூடாது. கிணற்றுத் தண்ணீர் தாராளமாகப் போதும். அதன் நைட்ரேட்டைப் பற்றிக் கம்பிக்குக் கவலையில்லை.

கொத்தனாரிடம் இரண்டு விஷயம் பேசுங்கள். கடலோரத்துக்கு எம் 30 தரத்துக்குக் குறையக் கூடாது. கம்பிக்கு வெளியே காங்கிரீட் மூடாக்கு 45 மில்லிமீட்டர் வேண்டும். “எப்பவும் இருபது எம்எம்தான் வைப்போம்” என்பார். காங்கிரீட் போடுகிற காலையில் நீங்களே மாடி ஏறி, சென்ட்ரிங் பலகைக்கும் கம்பிக்கும் நடுவே இருக்கும் கவர் பிளாக்கை ஸ்கேல் வைத்துப் பாருங்கள்.

சுவர் விஷயம் சுருக்கமாக. மூன்றடி உயரம் என்பதால் தரையிலிருந்து ஏறும் ஓதம், அதோடு உப்பு. சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும். வெயிலில் காய்ந்தால் மறுபடி பரல் கட்டும், கட்டும்போது பூச்சை நெம்பித் தள்ளும். மேலே சிமென்டைப் பூசினால் ஓதம் ஐந்தடிக்கு ஏறும். பழைய பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டி, காகிதக்கூழை நல்ல தண்ணீரில் குழைத்து அப்பிக் காயவிட்டு உரித்தெடுங்கள். உப்பு அதில் ஏறிவரும். மூன்று, நான்கு முறை செய்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு பூசுங்கள்.

மழை முடிந்ததும் தை மாதத்தில் இரண்டு தண்ணீரையும் மறுபடி கொடுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலேயே பார்ப்பார்கள். அந்தந்தத் தண்ணீராலேயே மூன்று முறை பாட்டிலை அலசிவிட்டு, விளிம்புவரை நிரப்பி, அன்றைக்கே கொண்டுபோங்கள். கோலிஃபார்முக்கு மட்டும் கிருமி நீக்கிய பாட்டிலை அவர்களே தருவார்கள், அதை அலசக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் கொண்டுவந்த பாட்டிலை நான் முகர்ந்து பார்க்காமல் விட்டுவிட்டேன். குளோரைடு 1,800 என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவர்கள் கிணற்றைத் தூர்க்க ஆள் பேசி வைத்த பிறகுதான் தெரிந்தது, அது நாரத்தங்காய் ஊறுகாய் இருந்த பாட்டில்.